மிட்டாய்க் காகிதம்

பியெல் நகரத்து அரங்கில் நாற்காலி போடுகிறவன் நான்.
இன்றைக்கு அறுபத்திரண்டு.
முதல் உருப்படிக்குத் தரையில் மஞ்சள் நாடா,
புதியதற்குப் பச்சை,
இடைவேளைக்குப் பிறகு வரும் பெரியதற்குச் சிவப்பு.

முதலாவது யுத்தக் காலத்தில் எழுதியதாம்.
வெறும் தந்திகள், பதினொரு நிமிடம்.
எழுதியவர் இறந்து வெகுநாளாகிவிட்டதால்
எல்லோருக்கும் பிடித்திருந்தது.

புதியதற்குத் தண்ணீர் வேண்டும்.
ஏழு கண்ணாடிக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஓரளவு.
தாளக்காரர் உர்ஸ் விரலை நனைத்து விளிம்பில் சுழற்றி
"இன்னும் ஒரு கரண்டி" என்பார். ஊற்றுவேன்.
"அரைக் கரண்டி எடு" என்பார்.
குழம்புக்கு உப்புப் பார்க்கிற முகம்.

நிகழ்ச்சித் தாளில் அதற்கு
ஜெர்மனில் முதல் அரங்கேற்றம் என்றும்
பிரெஞ்சில் படைப்பு என்றும் போட்டிருந்தது.
எந்த மொழியிலும்
தளும்பாமல் கொண்டுபோக வேண்டும்.

எழுதியவள் ரெகுலா ஆம்ஷ்டுட்ஸ்.
ஆறாம் வரிசையில் இருக்க வேண்டியவள்
மேடைப் பக்கவாட்டில், தீயணைப்புக் குழாயடியில்
என் அருகே வந்து நின்றாள்.
"அங்கே உட்கார்ந்தால் எல்லோருடைய முதுகும் என்னிடம் பேசுகிறது."
தொண்டையைப் பிடித்துக்கொண்டாள், இருமல் வருகிறதுபோல.
சட்டைப்பையில் மூலிகை மிட்டாய் ஒன்று இருந்தது. கொடுத்தேன்.

அதே நொடியில் நடத்துநர் கோலை உயர்த்தினார்.
(தமிழில் இவருக்கும் பேருந்தில் சீட்டுக் கிழிப்பவருக்கும்
ஒரே சொல்தான்.
இருவரும் கடைசிவரை நின்றபடியே போகிறார்கள்.)

காகிதத்தில் ஒரு மடிப்புப் பிரித்தாள்.
சர்ரக்.
கடைசி வரிசை வயலின்காரி திரும்பிப் பார்த்தாள்.
மூடிய கை அதோடு மூடியதுதான்.

பத்தொன்பது நிமிடம்.
அடுத்த அறையில் யாரோ எதையோ
ஞாபகப்படுத்த முயல்வதுபோல் கிண்ணங்கள் தொடங்கின.
எண்ணெய்ப் பீப்பாயை உப்புத்தாள் உரசியது.
நாலாம் நிமிடத்தில் ஒருவர் எழுந்து போனார்,
மரத்தரையில் சப்பாத்துச் சத்தம், நிதானமாக.
ஒவ்வோர் அடிக்கும் இவள் ஒருமுறை இமைத்தாள்.

பிறகு கொன்ட்ராபாஸ்களும் ஓய்ந்து
எழுதி வைத்த நீண்ட மௌனம் ஒன்று.
வெளியே பேருந்து பிரேக் பிடித்தது.
"அதை நான் எழுதவில்லை" என்றாள், சத்தமில்லாமல், உதட்டால்.
அப்போதுதான் முதல்முறை சிரித்தாள்.

எனக்குப் பிடித்ததா, தெரியவில்லை.
மாடியில் மாலை முழுக்க இருமிக்கொண்டிருந்த கிழவர்
நடுவில் எங்கோ இருமலை மறந்துவிட்டார்.
அதைத்தான் அவளிடம் சொன்னேன்.
பத்திரிகை விமர்சனத்தைப் போல
இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கைதட்டல். தோளில் தட்டி மேடைக்குத் தள்ளினேன்.
இடக்கையில் பூங்கொத்து,
நடத்துநர் கை நீட்ட இவள் முட்டியை நீட்டினாள்.
அவர் அதை அப்படியே பற்றிக் குலுக்கினார்.

இடைவேளை.
ஏழு கிண்ணத்தையும் ஒரே தொட்டியில் கொட்டினேன்,
தண்ணீருக்குச் சுருதி நினைவில்லை.
பச்சை நாடாவை உரித்தேன்.
சிவப்புக் குறிகளில் எட்டுக் கொம்பு, இரண்டு பெருமுரசு.

இந்தப் பெரியது வந்த புதிதில்
ஊளையிட்டார்களாம், கதவை அறைந்துவிட்டுப் போனார்களாம்.
இப்போது மூன்றாம் வரிசை அம்மையார்
கண்ணை மூடித் தொடையில் விரல் போடுகிறார்.
தாளம் தப்பும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ரெகுலா மறுபடியும் குழாயடியில்.
பித்தளை முழுவதும் ஒன்றாக எழுந்தது,
முரசு இரண்டும் இடித்தன,
பலகை என் உள்ளங்கால்வரை அதிர்ந்தது.

அவள் கையை விரித்தாள்.
மிட்டாய் இளகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது.
அவசரமே இல்லாமல்
ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள்.

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கவில்லை.